என் கைக்கு ஒரு மீன்கத்தி

கத்தி செய்பவர் அனுப்பிய கேள்வித்தாளில் முதல் பொய்யை நான் யோசிக்காமலேயே எழுதினேன். 'வாரத்துக்கு எத்தனை மீன் வெட்டுவீர்கள்?' என்று இருந்தது. 'இருபது' என்று போட்டேன். உண்மையான விடை பூஜ்யம். பிடிப்பதோடு என் வேலை முடிந்தது, வெட்டுவது மனைவி பாடு என்பது வீட்டில் நானே போட்டுக்கொண்ட சட்டம். பிடிப்பதிலும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. நல்ல ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு மீன், மற்ற ஞாயிறுகளில் தலைவலி.

நான் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவன். நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. ஞாயிறு காலையில் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில் தூண்டிலோடு உட்காருவேன். பக்கத்தில் உட்காருபவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கப்பலில் கால் வைத்ததே இல்லை. போட்டிருக்கும் தொப்பியால் வந்த பெயர். தன் கைக்கென்றே சொல்லிச் செய்துகொண்ட மீன்கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. மெல்லிய, நீளமான கத்தி. நடுமுள்ளை ஒட்டி அதை ஓடவிட்டாரென்றால் சதை முழுசாக, முள்ளில்லாமல் கழன்று வரும். சுவர்மேலேயே பலகையைப் போட்டு அதைச் செய்வார். நாலு பேர் நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த நாலு பேர்தான். கத்தி ஒரு சாக்கு.

கத்திக்கு எந்த எஃகு என்று மூன்று மாதம் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் ஃபோன். கார்பன் எஃகில் கூர் அருமையாக ஏறும், ஆனால் ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, வளைந்து கொடுக்கும், ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். பவுடர் எஃகு என்று ஒன்று இருந்தது. உலோகத்தைப் பொடியாக்கி, பிறகு அழுத்திச் செய்வதாம். மாதக்கணக்கில் கூர் போகாதாம். அதற்குக் கடினம் அறுபத்திரண்டு என்று ஓர் எண் வேறு. அந்த எண் எதை அளக்கிறது என்று தெரியாமலேயே அதன்மேல் காதல் வந்துவிட்டது. கேப்டனிடம், "உங்களோடது எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எது எவ்வளவு?"

"கடினம்."

அவர் கத்தியை ஒருமுறை பார்த்தார். "தெரியல. மீன் வெட்டும்" என்றார்.

பாவம், விஷயம் தெரியாதவர் என்று மனதுக்குள் அவரை மன்னித்தேன்.

கேள்வித்தாளை அனுப்பிய மறுநாளே கத்தி செய்பவர் ஃபோனில் வந்தார். ஐம்பது வயதுப் பெண் குரல். கப்பல் கட்டும் இடத்தில் இருபது வருஷம் வெல்டிங் செய்தவர் என்று பிறகு தெரிந்தது.

"சார், வாரம் இருபதா? ஹோட்டல் வச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம், சும்மா ஒரு ஆர்வம்."

"மேடம் எல்லாம் வேணாம், அக்கான்னே சொல்லுங்க. பவுடர் எஃகுன்னு எழுதியிருக்கீங்க. சனிக்கிழமை ரெண்டு மீன் எடுத்துட்டு வாங்க. நீங்க வெட்டுறதைப் பார்த்துட்டுத்தான் நான் தகடுல கை வைப்பேன்."

சரி என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். இருபதுக்குப் பதிலாக இரண்டு என்று எழுதியிருந்தால் அப்போதே தப்பித்திருக்கலாம். இப்போது பின்வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கடலுக்குப் போனேன். பாசிதான் மாட்டியது. சனிக்கிழமை காலை மீன் கடையில் வெள்ளிபோல் மின்னிய இரண்டு பெரிய மீன்களை வாங்கி, கடைப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் தூண்டில் கூடைக்கு மாற்றிக்கொண்டு போனேன்.

பட்டறை என்பது ஒரு கார் ஷெட். சுவரில் வரிசையாகத் தீட்டாத தகடுகள் தொங்கின. சாணை இயந்திரத்துக்குக் கீழே கறுத்த தண்ணீர் வாளி. அக்கா கூடையைப் பார்த்தார்.

"நல்ல மீனா இருக்கே. எங்க பிடிச்சீங்க?"

"நம்ம அலைதடுப்புச் சுவர்லதான். நேத்து சாயங்காலம். ரொம்பப் போராடுச்சு" என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. என் வாய்க்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

அவர் ஒரு மீனைத் தூக்கித் திருப்பினார். வயிற்றுப் பக்கம் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

"சார், இது குடலை எடுத்த பிறகு தூண்டில்ல மாட்டுச்சா?"

கடைக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டையும் சுத்தம் செய்தே கொடுத்திருந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவனுக்கு அது தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது.

"பரவாயில்ல, வெட்டுங்க" என்று ஒரு பழைய கத்தியைக் கையில் கொடுத்தார்.

வெட்டினேன் என்று சொல்லக் கூசுகிறது. செவுளுக்குப் பின்னால் குத்தி, நடுமுள் இருக்கும் என்று நான் நினைத்த இடத்தில் இழுத்தேன். நடுமுள் வேறு இடத்தில் இருந்தது. மீன் வழுக்கிக்கொண்டு வாளிப் பக்கம் போனது. எடுத்து வந்து மறுபடி ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் பலகைமேல் இருந்ததைப் பார்த்தால் யாரோ மீனை மென்று துப்பியதுபோல் இருந்தது.

"வீட்ல யாரு வெட்டுறாங்க?" என்று அக்கா கேட்டார்.

"மனைவி."

"அப்ப கத்தி அவங்களுக்குத்தான? அவங்க கையைப் பார்க்காம நான் என்னத்தச் செய்ய?"

வீட்டில் இதைப் பற்றி நான் மூச்சுவிட்டதில்லை. அன்று மதியம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி துணித் தொழிற்சாலையில் துணி வெட்டுபவள். நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் நூல் பிசகாமல் அறுப்பாள். கதை குடல் எடுத்த மீனுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மூணு மாசமா இரும்பு பத்திப் படிச்சீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்துல வந்து நின்னு நான் எப்படி வெட்டுறேன்னு பார்த்தீங்களா?"

மீன் வெட்டும் நேரத்தில் நான் குளிக்கப் போய்விடுவேன்.

அடுத்த சனிக்கிழமை அவளும் வந்தாள். இந்த முறை முழு மீன். கடையில் நின்று, தொடவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லி வாங்கியது. பலகை முன்னால் நின்றவள் கத்தியை இடது கையில் எடுத்தாள்.

"அது இடது கை" என்றேன்.

"தெரியும்" என்றாள், என்னைப் பார்க்காமலேயே.

"நீ வலது கையிலதான எழுதுவ?"

"எழுதுறது வலது. வெட்டுறது எப்பவும் இடதுதான். துணியும் அப்படித்தான்."

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். கேள்வித்தாளில் 'எந்தக் கை?' என்ற இடத்தில் நான் கொட்டை எழுத்தில் 'வலது' என்று எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துத் திருத்தினார்.

மனைவியின் கத்தி நடுமுள்மேல் டிக் டிக்கென்று மெல்லச் சத்தமிட்டுக்கொண்டே வால்வரை போனது. சதை ஒரே துண்டாக வந்தது. அதன்பின் இரண்டு பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா இரண்டு தகடுகளைக் கொடுத்தார். மனைவி இரண்டையும் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள்.

"இது வளையவே மாட்டேங்குதே?"

"அதுதான் சார் கேட்ட பவுடர் எஃகு. இந்த மெல்லிசுல முள்ளுல இடறினா நுனி பல் பல்லாப் பெயர்ந்துடும். தீட்டவும் தனிக் கல்லு வேணும்."

"அது வேணாம். இன்னொண்ணு?"

"கார்பன். நல்லா வளையுற மாதிரி பதம் வச்சிருக்கேன், கூரும் பிரமாதமா ஏறும். ஆனா வெட்டி முடிச்ச உடனே கழுவித் துடைக்கணும். அஞ்சு நிமிஷம் விட்டாலும் கறை ஏறிடும்."

"அப்ப அடுப்புல எண்ணெய் காய்ஞ்சிட்டு இருக்கும், என்னால முடியாது. துடைக்கிற வேலைய இவர்கிட்டதான் கொடுக்கணும்."

இருவரும் திரும்பி என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தார்கள்.

"ஸ்டெயின்லெஸ்" என்றார் அக்கா.

"ஆமா, அதுதான் சரி" என்றாள் மனைவி.

மூன்று மாதம் நான் முடிவுக்கு வராத விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. எஃகைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் நானும் ஒருவன் என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஐந்து வாரத்தில் கத்தி வந்தது. எட்டு அங்குல அலகு, ஈரக் கையில் வழுக்காத கறுப்புக் கைப்பிடி. இடது உள்ளங்கைக்கென்று ஒரு பக்கம் புடைத்திருந்தது. நான் பிடித்துப் பார்த்தபோது எங்கேயும் பொருந்தவில்லை. கை குலுக்க நீட்டி, எதிராளி கவனிக்காமல் போனதுபோல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகாமல் சமையலறையில் நின்றேன். "வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று இரண்டு முறை நகர்த்தப்பட்டேன். கடையில் வாங்கிய மீன்களில் நாலை அவள் சீவி முடிக்கும்வரை பார்த்தேன். இருப்பதிலேயே சின்னதான ஐந்தாவது மீனையும் தன் பழைய கத்தியையும் அவள் என் பக்கம் தள்ளினாள்.

என் மீன் ஏழு துண்டாக வந்தது. அவற்றைத் தனியாகப் பொரித்து என் தட்டிலேயே வைத்தாள். முதல் வாயிலேயே ஒரு முள். இரண்டாவதில் இரண்டு. நாக்கில் துழாவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். தன் தட்டிலிருந்து ஒரு நல்ல துண்டை எடுத்து என் பக்கம் போட்டாள்.

"அடுத்த வாரம் வால் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க" என்றாள்.