பதிவாகாத பத்தொன்பது பேர்

"இசைவாணின்னு ஒரு பொண்ணு, தையல் லைன். போன வாரம் மூணு நாள் லீவு எழுதியிருக்காளான்னு பாரும்மா" என்று நிர்வாக மேலாளர் வனமாமலை உள்தொலைபேசியில் கேட்டபோது, கனகலட்சுமி ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்தாள். இல்லை. "அப்படி எதுவும் பதிவாகல சார்" என்றாள். அன்று மதியமே இசைவாணியை வாசலில் நிறுத்திவிட்டார்கள். சொல்லாமல் நின்றதோடு, லீவு எழுதியதாகப் பொய்யும் சொல்கிறாள் என்று கடிதம் தயாரானது.

ஒரகடத்தில் காருக்கு இருக்கை தைத்து அனுப்புகிற தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர் பிரிவு என்று ஓர் அறைக்குப் பலகை மாட்டியிருந்தார்களே தவிர, உள்ளே இருந்தது கனகலட்சுமி ஒருத்திதான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். குன்றத்தூரில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போனாள். 2012ஆம் ஆண்டு சித்திரையில், லீவுச் சீட்டுக்காக சூப்பர்வைசர் பின்னால் யாரும் அலைய வேண்டாம் என்று, கேன்டீன் வாசலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதற்கான பக்கத்தை அவளே எழுதினாள். அட்டை எண், தேதி, காரணம். மூன்றையும் தட்டி, பொத்தானை அழுத்தினால் போதும்.

முதல் வாரத்திலேயே ஒரு சங்கடம் நடந்தது. கார் கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்த நேரத்தில் திரை வெளுத்து, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பிழைச் செய்தி வந்து நின்றது. எந்த அட்டவணை, எந்தக் கோப்பு, எந்த வரி என்று உள்விவகாரம் முழுவதும் அதில் இருந்தது. வந்தவர்களில் ஒருவர் நின்று அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து வாசல்ல கொட்டின மாதிரி இருக்கும்மா" என்றார் வனமாமலை. "இனிமே எரர்னு ஒண்ணு ஸ்கிரீன்ல வரவே கூடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கனகலட்சுமி அவசரத்தில் செய்தது வேறு. தரவுத்தளத்துக்குப் போகிற கட்டளைக்கு முன்னால் ஒரு @ குறியைப் போட்டாள். 'என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே' என்று அதற்குப் பொருள். அதற்குக் கீழே, பதிவானதா இல்லையா என்று கேட்காமலேயே, பச்சை டிக்கோடு 'உங்கள் விண்ணப்பம் பதிவானது' என்று வரும்படி எழுதினாள். பிழைகளைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கிற வேலையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. நாலு மாதம் ஓடிவிட்டது.

இசைவாணியைத் திருப்பி அனுப்பிய மறுநாள், டீ குடிக்க வெளியே போன கனகலட்சுமியை வாசலில் ஒரு பெண் மறித்தாள். செக்யூரிட்டி கூண்டின் நிழலில் காலையிலிருந்து நின்றிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்த லீவு மிஷின் நீங்க செஞ்சதுதானே மேடம்? நான்தான் இசைவாணி. சேரப்பணஞ்சேரி."

"பட்டனைச் சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க" என்றாள் கனகலட்சுமி.

"பச்சை டிக் வந்துச்சி மேடம். கூட இருந்த கவியாவும் பாத்தா. எங்க அப்பாவுக்கு வயித்துல ஆபரேசன். உள்ள இட்டுக்கினு போனப்போகூட, கம்பெனில சொல்லிட்டுத்தானே வந்துகீறோம்னு தெகிரியமா இருந்தேன். நான் அழுத்தலன்னா டிக்கு எப்டி மேடம் வந்துச்சி?"

டிக் எப்படி வரும் என்பது அந்தத் தொழிற்சாலையில் கனகலட்சுமி ஒருத்திக்குத்தான் தெரியும். அது எப்படியும் வரும். டீ குடிக்காமலே திரும்பினாள். செக்யூரிட்டியிடம் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு, இசைவாணியைக் கேன்டீன் வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"அன்னிக்கு என்ன அடிச்சீங்களோ, ஒரு எழுத்து மாறாம அதையே அடிங்க."

இசைவாணி ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினாள். காரணம் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், 'ஃபாதர்'ஸ் ஆபரேஷன்.' எஸ்ஸுக்கு முன்னால் மேலே தொங்குகிற அந்தச் சின்னக் கொக்கியைத் தேடிப் பிடித்துப் போட்டாள். "கான்வென்ட்ல படிச்சேன் மேடம். அது இல்லாட்டி சிஸ்டர் அடிப்பாங்க."

பச்சை டிக் வந்தது.

கனகலட்சுமி தன் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பதிவு இல்லை. தான் போட்ட @ குறியை எடுத்துவிட்டு, அதே சொற்களைக் கொடுத்தாள். நாலு மாதமாகத் தரவுத்தளம் சொல்ல முயன்றது இப்போது திரையில் வந்தது. அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் பிழை.

படித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காரணத்தை அதே மாதிரி இரண்டு ஒற்றைக் கொக்கிகளுக்கு நடுவில் வைத்துத்தான் அவளுடைய கட்டளை உள்ளே அனுப்புகிறது. இசைவாணி போட்ட கொக்கியைப் பார்த்ததும் வாக்கியம் அங்கேயே முடிந்ததென்று தரவுத்தளம் எடுத்துக்கொண்டது. மிச்சம் பிடிபடாமல், மொத்தத்தையும் தள்ளிவிட்டது. 'அப்பா ஆபரேஷன்' என்று தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியவர்களின் லீவெல்லாம் பத்திரமாக இருந்தது. இலக்கணம் பார்த்து எழுதியவர்களுடையதுதான் போயிருக்கிறது.

படித்தவள், கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்த விஷயம். திரையைப் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் மறைக்கச் சொன்னார் வனமாமலை. அவள் தன் கண்ணுக்கும் சேர்த்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

இசைவாணி ஒருத்திதானா என்ற கேள்வி அடுத்து வந்தது. எந்த அட்டை எண்ணிலிருந்து எப்போது பொத்தானை அழுத்தினார்கள் என்று சர்வரில் தனியாக ஒரு குறிப்பு இருந்தது. அதையும் பதிவுகளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். சாயங்கால ஷிப்ட் பஸ் வருவதற்குள் முடிந்தது. பத்தொன்பது பேர். அதில் ஒருவனை வேலையைவிட்டே எடுத்திருந்தார்கள்.

வனமாமலை முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு பேரை நீயே உள்ள ஏத்திடு. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிடறேன். இதைப் பெரிசு பண்ண வேண்டாம். உனக்கும் நல்லதில்லை."

ஒரு கணம் அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. சரி சார் என்று சொல்ல வாய்கூட எடுத்துவிட்டாள். ஆனால் கையில் இருந்த தாளில் பத்தொன்பது எண்கள் இருந்தன.

"மத்தவங்களும் டிக்கைப் பார்த்துட்டுத்தான் சார் போயிருக்காங்க. அவங்க ஃபைல்ல எல்லாம் சொல்லாம நின்னதாத்தான் இருக்கு. நானே எழுதிக் கொடுக்கிறேன், தப்பு என்னோடதுன்னு."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எரர் வரக் கூடாதுன்னு சொன்னவன் நான்" என்றார்.

"காட்டக் கூடாதுன்னுதான் சார் சொன்னீங்க. கவனிக்காதேன்னு சொல்லலையே."

எழுதிக் கொடுத்தாள். அதற்காக அவளுடைய கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. பதினெட்டுப் பேர் மேல் இருந்த குறிப்புகளை ரத்து செய்தார்கள். வேலையைவிட்டு எடுத்தவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். பக்கத்தையும் மாற்றி எழுதினாள். யார் எந்தக் கொக்கியைப் போட்டாலும் வாக்கியம் உடையாதபடி செய்தாள். அப்படியும் பதிவாகாமல் போனால், உள்விவகாரம் எதுவும் வெளியே தெரியாமல், சிவப்பு எழுத்தில் தமிழில் வந்தது: 'உங்கள் விண்ணப்பம் பதிவாகவில்லை. தவறு உங்களுடையது அல்ல. 214க்குப் பேசுங்கள்.' 214 அவளுடைய அறைத் தொலைபேசி. என்ன பிழை என்பது அவள் தினமும் காலையில் திறந்து பார்க்கிற கோப்பில் போய் விழுந்தது. "சிவப்பு கொஞ்சம் உறுத்துது" என்றார் வனமாமலை. எடுக்கச் சொல்லவில்லை.

இசைவாணி வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள் கனகலட்சுமி. பத்தொன்பது பேர் விவரத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லன்னு சொல்லத் தோணல மேடம்" என்றாள் இசைவாணி. "என்னால உன் வேல பூட்ச்சேன்னு, தையல் போட்ட வயித்தோட எங்கப்பா அழுதுகினு கெடந்தாரு. அதான் நெனப்பு வருது." சாதத்தைப் பிசைந்தாள். "வேலையவிட்டு எடுத்தாங்களே ஒருத்தர், அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியிருக்கவில்லை. எண்ணைத் தேடி எடுத்து இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட கையோடு அறைக்குப் போய்ப் பேசினாள்.

அவன் பெயர் இசக்கிபாண்டி. வள்ளியூர்ப் பக்கம். அக்கா கல்யாணத்துக்கு லீவு எழுதிவிட்டுப் போனவன். 'சிஸ்டர்'ஸ் மேரேஜ்' என்று எழுதினானாம். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் இருந்தான். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"திரும்ப எடுத்துக்கிடுதோம்னு சொல்லுதாங்க. வாரீங்களா?" கனகலட்சுமிக்குத் தன்னை அறியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"வேண்டாம்க்கா. இங்க ஒழுங்காத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு செய்வியளா? எங்கய்யா நம்பவே மாட்டேங்காவ. சொல்லாம கொள்ளாம கல்யாணத்துக்கு ஓடிவந்து வேலையத் தொலைச்சிட்டான்னு இன்னும் ஏசுதாவ. அக்காவுக்கு, தன் கல்யாணத்தாலதானேன்னு மனசு கஷ்டம். எம்மேல தப்பு இல்லன்னு ஒரு பேப்பர் வேணும். தமிழ்ல எழுதுங்க. எங்கய்யாவே படிக்கணும்."

எத்தனையோ நிரல் எழுதியவளுக்கு அந்த ஒரு பக்கம் சுலபமாக வரவில்லை. மூன்று தடவை கிழித்துவிட்டு நாலாவது தடவை எழுதி முடித்தாள். 'தங்கள் மகன் முறையாக விடுப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கள் கணினியில் நான் செய்த தவற்றால் அது பதிவாகவில்லை.' வனமாமலை வாசித்துப் பார்த்து, 'வருந்துகிறோம்' என்று தன் கையாலேயே கீழே சேர்த்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

எட்டு நாள் கழித்து 214 அடித்தது. இசக்கிபாண்டி.

"பேப்பர் வந்துட்டுக்கா. அய்யா ரெண்டு தடவ படிச்சாவளாம். சட்டையப் போட்டுக்கிட்டு, பேப்பரையும் எடுத்துக்கிட்டு, அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிட்டாவளாம்."