டெலிட்டுக்கு மட்டும் பொட்டு இல்லை

தாராவியில் பிச்சையா அண்ணாச்சியின் தோல் பை தைக்கிற கார்கானாவில் ஆயுத பூஜை என்றால் எலிப்பொறிகூடத் தப்ப முடியாது. கத்தரிக்கோல், தையல் மெஷின், சுத்தியல் எல்லாம் குளித்து முழுகி வரிசையில் உட்கார வேண்டும். இந்த வருஷம் அங்கே டிசைன் போடுகிற கீதாவின் லேப்டாப்பையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

லேப்டாப் அவளுடைய சொந்தப் பொருள். ஆறு வருஷமாக அண்ணாச்சியின் பை டிசைன் அத்தனையும் அதில்தான் கிடக்கிறது. கார்கானாவுக்கென்று ஒன்று வாங்கச் சொன்னால், “ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு அம்மி?” என்பார் மகராசன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கீதாவுக்கு ஆன்லைனில் டைப்பிங் பரீட்சை. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி வேலை. தேறிவிட்டால் தோல் நாற்றத்துக்கும் அண்ணாச்சியின் வாய்க்கும் பெரிய கும்பிடு. இதை அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

“மூடி மேல ஒரு பொட்டு போதும் அண்ணாச்சி.”

“மூடியா வேலை பாக்கு? பட்டன்தானே உழைக்கு! ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லு பிள்ள.”

பன்னீர் விட்டுக் கூழாகக் கரைத்த சந்தனத்தில் விரலை முக்கினார். எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டு. எழுத்தைப் பெரிசாக்குவது கேப்ஸ் லாக் என்றதும் அதற்கு இரண்டு. எழுதியதை அனுப்பி வைப்பது என்டர் என்றதும் மனுஷன் உருகிப்போய் ஒரு விரல் சந்தனத்தை அப்படியே வழித்து வைத்தார்.

“இந்த நீளமானது?”

“ஸ்பேஸ். இடம் விடுறதுக்கு.”

“தாராவியில இடம் விடுதா! தெய்வம்லா அது!” பட்டையே போட்டுவிட்டார்.

“இது?”

“டெலிட். அழிக்கிறது.”

“சீ! நல்ல நாளும் அதுவுமா! அதத் தொடாத.”

சந்தனம் இடுக்கில் இறங்குவதைப் பார்த்துக் கீதா துணியை எடுத்தாள். துடைக்கக் கை நீட்டினாள். “சரஸ்வதி உக்காந்திருக்கா, நாளைக்குத்தான் எடுக்கணும்” என்று தட்டிவிட்டார்.

விஜயதசமி காலையில் அவள் போய் வீட்டுக்குத் தூக்கி வந்தபோது சந்தனம் சிமென்ட்டாக இறுகியிருந்தது. ஈரத்துணி, ஊசி, பல் துலக்கும் பிரஷ், எதுவும் உதவவில்லை. பத்து மணிக்குப் பரீட்சை திறந்தது. எழுத்துப் பட்டன் ஒன்றாவது அசையணுமே! திரையில் படமாக வருகிற கீபோர்டைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினாள். நிமிஷத்துக்கு முப்பத்தைந்து வார்த்தை கேட்டார்கள். நான்கு வந்தது. தேறவில்லை என்று சிவப்பில் காட்டி மூடிக்கொண்டது. கீதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் போன்.

“ஏ பிள்ள, டிசைனயெல்லாம் எடுத்துக்கிட்டு வா. இன்னைக்குத் தொடங்குத வேலை வருஷம் பூரா விளங்கும்.”

கீதா மூக்கைத் துடைத்துக்கொண்டு கீபோர்டைப் பார்த்தாள். ஓரத்தில் ஒன்றே ஒன்று துளிச் சந்தனமில்லாமல் பளிச்சென்று இருந்தது. அண்ணாச்சியின் ஆறு வருஷ ஃபோல்டரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் ஒரு கிளிக் செய்தாள்.

“தொடங்கிட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டனை அழுத்தினாள். நன்றாகவே வேலை செய்தது.