பதினாலாம் படுக்கை காலி

ஆஸ்பத்திரியின் தகவல்தள அதிகாரிக்கு அறை சின்னது. கதவில் தொங்கிய பதவிப் பலகைதான் பெரிது. கணினியில் பதியாமல் எந்த நோயாளியையும் படுக்கையில் ஏற்றக் கூடாது என்ற சுற்றறிக்கை அவர் மூளையில் உதித்தது. அதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்தது, ஏற்பாடு அவரே.

அன்று மனைவி போன் செய்து, தன் தம்பிக்கு மூச்சு வாங்குகிறது என்றாள். மாடி ஏறினால் வாங்குகிறதாம். ஆக்சிஜன் வசதியோடு காலியாக இருந்தது பதினாலாம் படுக்கை மட்டும். மச்சினன் பெயரில் பதிந்தால், பதிந்தவர் யார் என்பதும் பதிவாகிவிடும். ஆகவே அதிகாரி தகவல்தளத்தில் அந்தப் படுக்கையின் வரியை மாற்றும் ஒரு அப்டேட்டை ஓடவிட்டு, மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். கமிட் கொடுக்கும்வரை அந்த வரி அவர் பிடியில். மற்ற படுக்கைகளின் வேலை தாராளமாக நடக்கும். பதினாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் காலியாகவே தெரியும்; மாற்றப் போகிறவர் மட்டும் காத்துக் கிடக்க வேண்டும். ஒரே ஒரு வரிதானே என்று மனதைத் தட்டிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது தலைமை நர்ஸ் வாசலில் நின்றாள்.

"ஐயா, பதினாலு காலின்னுதான் காட்டுது. பேரைப் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. கீழ ஒரு தையல்காரம்மா ஸ்ட்ரெச்சர்ல மூச்சு இழுத்துக்கிட்டு கெடக்கு. நானே தூக்கிப் போட்டுடுவேன், உங்க சுற்றறிக்கைதான் தடுக்குது."

அதிகாரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பாதி மாற்றத்தைக் கைவிடச் சொல்லும் ரோல்பேக் கட்டளையை அடித்தார். ஏழெட்டு எழுத்துக்கு மூன்று தடவை தப்பு வந்தது. பிடி விட்டதும், காத்துக் கிடந்த நர்ஸின் பதிவு தானாகவே உள்ளே போனது. கீழே ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னய்யா கோளாறு?"

"யாரோ பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க."

"யாருன்னு சொல்லுங்க. மேலிடத்துக்கு எழுதிப் போடறேன். அந்தம்மா உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு."

பார்க்கிறேன் என்றார் அவர்.

மச்சினன் இரண்டு மாடியையும் ஏறி, சொந்தத் தலையணையோடு வந்து சேர்ந்தான். "அத்தான், படுக்கை ரெடியா?"

"வெளிய பெஞ்சுல வரிசையில உட்காரு."

"நீங்கதானே பிடிச்சு வைக்கிறேன்னு சொன்னீங்க?"

நர்ஸ் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. திரும்பி அவனையும் தலையணையையும் பார்த்தாள். கடைசியில் அதிகாரியைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பார்.

தையல்காரம்மா பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்போது, படுக்கையைச் சரிசெய்து கொடுத்தவர் என்று யாரோ கைகாட்ட, அவள் மகள் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவரால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.