சாவிச் சத்தம்

என் வீட்டு வாசலிலேயே திருட வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் போன். போனில் என் கணவரின் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்று. கதவுக்கு அந்தப் பக்கம் மனிதர் நிம்மதியாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் கூத்தெல்லாம் எங்கள் மகளால் வந்தது. அவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியதும், வெளியூரில் வேலை பார்க்கும் அவள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். அதை அவர் கட்டிக்கொண்டால் போதும், துடிப்பு போனில் தெரியும். அப்பா அதைப் பார்த்துப் பார்த்தே பயந்துவிடுவார் என்று என் போனில் இணைத்துவிட்டாள். வீட்டில் யாருக்குப் பயம் அதிகம் என்று அவள் யோசிக்கவில்லை.

போன முறை மருத்துவர் சொன்னார்: "படி ஏறும்போது கூடினா கூடட்டும், அது பரவாயில்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எதுக்குக் கூடுதுன்னு கவனிங்க. பழைய வேலைக்கே அனுப்பலாமான்னு அப்புறம் பேசுவோம்." பழைய வேலை பஸ் டிப்போவில். எந்த டிரைவர் வரவில்லை, அவர் இடத்தில் யாரைத் தள்ளுவது, பழுதாகி நிற்கிற வண்டிக்கு மாற்று எங்கே என்பதெல்லாம் அவர் தலையில். இரண்டு காதிலும் போன், நின்றபடியே சாப்பாடு, அரைகுறைத் தூக்கம், இடையிடையே சிகரெட். அந்த நாற்காலிதான் அவரைப் படுக்கவைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் மறுபடி அங்கே போகக்கூடாது. அவருக்கோ அங்கே போனால்தான் உயிர். "வீட்டுல வச்சே என்னை முடிச்சிடுவ போலிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் மின்விசிறித் தொழிற்சாலையில் கடைசி மேசையில் இருக்கிறேன். ஓடுகிற விசிறியைக் காதால் கேட்டுத் தேர்வு செய்கிற வேலை. முனகல் கேட்டால் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். ஒரே சமயத்தில் இரண்டைக் கழற்றினால் குற்றவாளி தப்பித்துவிடும். அதே முறையில் கணவரையும் மேசையில் ஏற்றினேன். முதலில் டிப்போ ஆட்களிடம், கொஞ்ச நாளைக்கு அவரைக் கூப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மாற்றமில்லை. செய்திச் சேனலை நிறுத்தினேன். அப்போதும் அப்படியேதான். காப்பியை நிறுத்தியதில் அவர் முகம் மட்டும் தூக்கிக்கொண்டது. நாள் முழுக்கச் சமர்த்தாக இருக்கும் துடிப்பு, சாயங்காலம் ஒரே ஒரு முறை குபுக்கென்று ஏறியது. தினமும். நான் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்.

மகளிடம் சொன்னபோது, "அப்பாவுக்கு இன்னும் உன்னைப் பார்த்தா படபடங்குது போல, விடும்மா" என்று சிரித்தாள். பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்திருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பெருமை யாருக்குக் கிடைக்கும்? மறுநாள் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் தேர்வு செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இன்று வாசலில் நின்றேன்.

சாவியைத் துளையில் விட்டேன். திருப்பவில்லை. எழுபத்தெட்டு. லேசாக அசைத்தேன். எண்பத்தாறு. தொண்ணூறைத் தாண்டியது. என் முகத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

உள்ளே போனேன். சோபாவில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரைப் பெட்டி என் கண்ணில் படும்படி திறந்திருந்தது. நடைக்குப் போகிற செருப்பு வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மாத்திரை போட்டாச்சு. நடந்துட்டு வந்தாச்சு. உப்பு தொடல" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

வழக்கமாக அதற்குப் பிறகுதான் என் வேலை தொடங்கும். எதையாவது பொரித்தாரா என்று சட்டியை முகர்ந்து பார்ப்பேன், செருப்பில் மண் இருக்கிறதா என்று பார்ப்பேன், சட்டையில் சிகரெட் வாடை தேடுவேன். இன்று அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"சாவிச் சத்தம் கேட்டா உங்களுக்கு என்னங்க தோணும்?"

மாத்திரைப் பெட்டியை மூடினார். "உண்மையைச் சொல்லவா, இன்ஸ்பெக்டர்?"

கல்யாணமான புதிதிலிருந்தே கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். "சொல்லுங்க" என்றேன்.

"எதை விட்டுட்டேன்னு தேடுவேன். டிப்போல ஒருத்தன் கத்தினா நானும் கத்திடுவேன், அதோட போச்சு. உன்கிட்ட அது முடியாது. நீ பயந்துபோய் கேக்குற."

எனக்கு வலித்தது. இவருக்காக உப்பில்லாமல் நானும்தான் சாப்பிட்டேன், தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். இதற்கா? அழுகை வந்தது, அடக்கவில்லை.

"மறுபடி அந்த மாதிரி ஒரு நாள் வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியும்மா. எனக்கும் அதே பயம்தான்."

எங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை, வந்த விசிறியெல்லாம் முனகியது. ஒவ்வொன்றாகக் கழற்றிப்போட்டு ஒரு ஷிஃப்டையே வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் ஆடியது என் மேசையின் கால். அது இப்போது ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

"டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டார்.

"தெரியல."

அவர் கடிகாரத்தைக் கழற்றினார். என் கையை இழுத்து மணிக்கட்டில் வைத்து, வாரைக் கடைசித் துளை வரை இறுக்கினார். "கொஞ்சம் நீ போட்டுப் பாரு."

"எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல."

"பார்ப்போமே."

கடிகாரத்துக்கு அடியில் பச்சை வெளிச்சம் என் தோலில் மினுக்கத் தொடங்கியது. போன் திரையில் எண் இருந்த இடத்தில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றியது. இருவரும் அதன்மேல் குனிந்தோம், தலை இடித்துக்கொள்ளும் அளவுக்கு.

"மூச்சைப் பிடிக்காத" என்றார்.

பிடித்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. விட்டேன். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.