தலையும் வாலும் கழித்த ரயில்

என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ரயில் கணக்கு மட்டும் ஏறவே இல்லை. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிட்டுக் கொடி காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு ஜோலார்பேட்டையில் பரீட்சை, இன்னும் ஒன்பதே நாள். போன வருஷம் கணக்கில்தான் கோட்டை விட்டார். இந்தத் தடவையும் போனால் வயசு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் தோல் பதனிடுகிற ஆம்பூர் டேனரிதான். காலையில் சுண்ணாம்புக் குழி, மதியத்துக்கு மேல் தோல் அளவு. சுண்ணாம்பு அரித்த கையால் குழம்புச் சோற்றைப் பிசையும்போது அவர் பல்லைக் கடிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அதனால் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. பொறுமைக்கும் எனக்கும்தான் ரொம்ப தூரம்.

“எஞ்சின் அம்பது அடி. பெட்டி பத்து, ஒவ்வொண்ணும் அறுபது அடி. கடைசியில கார்டு வண்டி முப்பது அடி. பாலம் அறுநூத்தி நாப்பது அடி. வினாடிக்கு நாப்பத்தி நாலு அடி ஓடுது. ரயில் பாலத்தை முழுசா தாண்ட எத்தினி வினாடி மாமா?”

“இருபத்தெட்டு சொச்சம்.”

“முப்பது! புஸ்தகத்துல முப்பதுன்னு போட்டிருக்கு. மண்டையில இன்னா இருக்கு, களிமண்ணா?”

அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். அதனாலேயே எனக்குக் கோபம் ஜாஸ்தியாகும்.

மறுநாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் தடவையாக டேனரிக்குள் நுழைந்தேன். மேடையில் தோலை விரித்து அளந்துகொண்டிருந்தார். கழுத்துக்கு மேலே விட்டார், வால் பக்கம் விட்டார், நடுவை மட்டும் அளந்து, மனசுக்குள்ளேயே பெருக்கிச் சதுர அடியைச் சொன்னார். மேஸ்திரி வாஹித் பாஷா சரிபார்க்கக்கூட இல்லை. அடுத்த தோலை எடுத்துப் போட்டார்.

“ரெண்டு பக்கமும் ஏன் மாமா அளக்காம விட்டே?”

“தலையும் வாலும் அளவுல சேராது. கழிச்சிடணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் ஐம்பதும் கார்டு வண்டி முப்பதும் எண்பது. அந்த எண்பது அடியைக் கழித்தால் இருபத்தெட்டு சொச்சம்தான் வரும். இப்படி வேகமாகக் கணக்குப் போடுகிற மனுஷனையா அத்தனை நாளும் திட்டினேன்? வெட்கமாக இருந்தது.

“ரயில்லயும் கழிச்சியா?”

“ஆமா. நடுவுல இருக்கிற பெட்டிங்கதானே சரக்கு?”

“முன்னாடி டிரைவர் இருக்காரு, பின்னாடி கார்டு இருக்காரு மாமா.”

கையிலிருந்த அளவுகோலை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். “ஆளு இருக்கிற எடத்தையா கழிச்சேன்?” என்றார். “ரயில் தாண்டிடுச்சுன்னு நான் எதிர் வண்டிக்குக் கொடி காட்டியிருந்தா, அந்தக் கார்டு இன்னும் பாலத்து மேலதானே இருந்திருப்பாரு!”

அன்று சாயங்காலம் பதினாலு கணக்கு போட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பரீட்சை எழுதி ஒரு மாசம் ஆனதும் கடிதம் வந்தது. வாசலில் நின்று அவரே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். தன் பெயர் வந்த இடத்தையே மூன்று தடவை படித்தார். நான் பிடுங்கி, வேலைக்குச் சேரவேண்டிய தேதிவரைக்கும் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன்.