கம்பியைக் கழற்றிய பிறகும்

ஆம்புலன்ஸ் பணிமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டரும் கையுமாகவே திரிவதால் ‘மீட்டர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வண்டிகளின் வயர்லெஸ் கருவிகளைச் சோதிப்பது அவள் வேலை. பேச்சு குறைவு. கேட்டால் பதில் சொல்வாள். இரண்டாம் முறை கேட்டால் அந்தப் பதிலையே சந்தேகிப்பாள்.

போன மாதம் மலைப்பாதையில் ஒரு வண்டி பழுதாகி நின்றது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண். செல்போன் எடுக்காத இடம். டிரைவர் வயர்லெஸில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், யாருக்கும் கேட்கவில்லை. வழியில் வந்த ஒரு லாரி புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வண்டியின் ஆன்டெனா போலி என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, மீட்டர் கையெழுத்துப் போடாமல் ஓர் ஆன்டெனாகூட வண்டியில் ஏறக்கூடாது என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு கட்டுப் புதிய ஆன்டெனாக்கள் வந்திருந்தன. அனுப்பியவர் அவளுடைய அத்தான், கூடப் பிறந்த அக்காவின் கணவர்.

“உன் அத்தான்னு பாக்காத, என் அத்தான்னு நினைச்சுப் பாரு” என்றார் ஃபோர்மேன். “எனக்கு என் அத்தானக் கண்டாலே ஆகாது.”

சோதனைக்காக ஒரு வண்டியில் புதியதைப் பொருத்தினார்கள். பக்கத்து வண்டியில் பழையது இருந்தது. கம்பெனியிலிருந்து நேராக வந்தது, அசல் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது.

பார்வைக்குப் புதியதுதான் கம்பீரமாக இருந்தது. அடியில் தடித்த ஸ்பிரிங், முகம் பார்க்கலாம் போன்ற முலாம், பிசிறில்லாத கம்பெனி முத்திரை. ஆனால் இரண்டு பெட்டிகளில் ஒரே வரிசை எண் அச்சாகியிருந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூடத் தனித்தனிப் பிறப்புச் சான்றிதழ் உண்டே என்று நினைத்தாள்.

ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் எவ்வளவு வெளியேறாமல் திரும்பி வருகிறது என்பதை மீட்டர் காட்டும். முள் பச்சைக்குள் நின்றால் நல்லது. சிவப்புக்குப் போனால் ஆன்டெனா வெறும் அலங்காரம். மேசையில் சோதனை வயர்லெஸ், அதனருகே மீட்டர், அங்கிருந்து வண்டிவரை ஒரு நீளக் கேபிள். பழையதை இணைத்தாள். பச்சை. புதியதை இணைத்தாள். அதைவிடப் பச்சை.

வரிசை எண்ணைச் சந்தேகிப்பதா, முள்ளை நம்புவதா?

அக்கா போன் செய்தாள்.

“அவரு சரக்க நீதான் பாக்குறியாமே?”

“ஆமாக்கா.”

“ரெண்டு வருஷமா அந்த மனுஷன் மூஞ்சியில சிரிப்பே இல்ல. இந்த ஆர்டர் வந்ததுல இருந்து குளிக்கும்போது பாடுறாரு. சகிக்கல. ஆனா பாடட்டும்டி.”

“ம்.”

“என்ன ம்? நல்லா இருக்கா இல்லையா?”

“தெரியலக்கா.”

“காலேஜ்ல படிச்சுட்டுத் தெரியலங்குற” என்று அக்கா போனை வைத்தாள்.

மறுபடி அளந்தாள். மறுபடியும் பச்சை. நிம்மதியாக இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

“மேடம், இத மாட்டிரவா?” என்று டிரைவர் வந்து நின்றார். குரலுக்காக அவரைச் சைரன் என்பார்கள். கையில் ஒரு நீளக் கம்பி. பணிமனையின் வாசல் தாழ்வு. வண்டியை உள்ளே கொண்டுவரும்போது டிரைவர்கள் ஆன்டெனாக் கம்பியைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகிவிடுவது வழக்கம்.

“எந்த வண்டியோடது?”

“புதுசு மாட்டுன வண்டிதான். டீ குடிக்கப் போயிட்டேன், மறந்துட்டேன்.”

அவள் மீட்டரைப் பார்த்தாள். கம்பியே இல்லை, முள் சிவப்பில் இருந்திருக்க வேண்டும். முள் பச்சையில் சௌக்கியமாக நின்றது.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். “தலையே இல்லாதவனுக்குத் தலைவலி இல்லேன்னு சர்டிபிகேட்டா?”

அவளுக்கு விளங்கியது போலிருந்தது. ஆன்டெனாவோடு வந்த கேபிள் மட்டமாக இருந்தால் அது சக்தியை வழியிலேயே தின்றுவிடும். எதுவும் திரும்பி வராது. மீட்டரும் ஏமாந்துபோகும். “கேபிள் போலி சார்” என்றாள். அவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை. அதே வேகத்தில் அத்தானுக்கும் போன் செய்தாள்.

அத்தான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“என் சரக்கு போலின்னு எல்லார் முன்னாலயும் சொன்னியா?”

“மீட்டர்...”

“மீட்டர் கிடக்கட்டும். அந்தப் பழச அசல்ங்குறீங்கல்ல? அதோட கம்பியையும் கழட்டு. கழட்டிட்டுப் பாரு.”

சைரன் கழற்றினார். அவள் அளந்தாள். முள் பச்சையை விட்டு நகரவில்லை.

ஃபோர்மேன் குனிந்து மீட்டரின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

“அப்ப பழசும் போலியா?” என்றார் ஃபோர்மேன். “இத்தன வருஷமா இதுலதான பேசிக்கிட்டிருக்கோம்?”

“நீங்க பேசுற சத்தத்துக்கு வயர்லெஸே வேணாம் சார்” என்றார் சைரன்.

இரண்டும் போலியா? இரண்டும் அசலா? மீட்டரே கெட்டுவிட்டதா? அத்தான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று யோசித்தாள். மேசையிலிருந்து வண்டிவரை தரையில் கிடந்த நீளக் கேபிள். அவளேதான் ஸ்டோரிலிருந்து தேடி எடுத்து வந்தாள். வண்டி கழுவும் இடத்தின் வழியாக அது கிடந்தது. அதன் முனையைக் கழற்றிக் கவிழ்த்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

சக்தியைத் தின்றது அவளுடைய கேபிள். காலையிலிருந்து அவள் அளந்ததெல்லாம் அதைத்தான்.

கருவிகளை வண்டிக்குள் தூக்கிக்கொண்டு போய், சாண் நீளக் கேபிளில் இணைத்தாள். பழையது, கம்பியோடு பச்சை, கழற்றினால் சிவப்பு. புதியதும் அப்படியேதான், கம்பியோடு பச்சை, கழற்றினால் சிவப்பு.

“பாத்தீங்களா!” என்று அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். வியர்த்த முகத்தில் சிரிப்பு வந்தது. அக்கா சொன்ன சிரிப்பு இதுதான் போலும்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அந்த இரண்டு சொட்டு மனதை விட்டுப் போகவில்லை. தண்ணீர் ஒரு கேபிளுக்குள் போகுமென்றால் ஆன்டெனாவுக்குள்ளும் போகும். மலைப்பாதையில் எப்போதும் மழை.

“சைரன் அண்ணே, ரெண்டு வண்டி கூரையிலயும் தண்ணி ஊத்துங்க.”

“கழுவிட்டேனே?”

“ஊத்துங்கண்ணே.”

பழையதன் முள் அசையவில்லை. புதியதன் முள் முதலில் நடுங்கியது. பிறகு மெல்ல மெல்லச் சிவப்புக்கு ஏறியது. ஏணி வைத்து ஏறி இரண்டின் அடிப்பாகத்தையும் பிரித்தாள். பழையதில், கூரையோடு சேரும் இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. புதியதில் வளையத்துக்கான பள்ளம் மட்டும் இருந்தது. பள்ளத்தில் தண்ணீர்.

இறங்கி வந்து அத்தானிடம் காட்டினாள்.

“பெட்டியோட வந்துச்சு, பெட்டியோட குடுத்தேன்” என்றார் அவர். தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? முகத்தை எவ்வளவு பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதை அளக்க அவளிடம் மீட்டர் இல்லை.

“அத்தான், கேபிள் போலின்னு சொன்னது தப்பு. என் கேபிள்தான் கெட்டது. மன்னிச்சிருங்க.”

“சரி விடு. கையெழுத்துப் போடு.”

“மாட்டேன் அத்தான்.”

அவர் ஃபோர்மேனைப் பார்த்தார், சைரனைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார். “மன்னிப்புக் கேக்குறியா, வேணாம்னு திருப்பி அனுப்புறியா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“ரெண்டும்தான் அத்தான்.”

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். வெளியே அவருடைய பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் போனை எடுத்து, அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடிக்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“என்னடி, நல்லா இருக்கா இல்லையா?” என்றாள் அக்கா.

“மழை பெய்யாட்டி நல்லா இருக்குக்கா” என்றாள்.