மேட்டைத் தாண்டாத போன்

போன வாரம் வந்த அழைப்பு கைநழுவிப் போனதிலிருந்து விஜயராணிக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு வயது மகள் தேவமலருக்கு இருதயத்தில் ஓட்டை. கட்டில் காலியானால் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். பெற்றவர்களில் ஒருவர் அப்போதே பேசிச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கட்டில் அடுத்த பிள்ளைக்கு.

அந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு அன்னம்மாவிடம் மட்டும்தான் போன் இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். விஜயராணியின் புருஷன் விடிந்தால் லாரியோடு சுங்கை ஊடாங் போய்விடுவான். இவள் ரப்பர் பால் எடுக்கும் பால்மரக் காட்டில். அன்றைக்கு அன்னம்மா காட்டுக்கு ஓடிவந்து இவளை இழுத்துப் போவதற்குள் கட்டில் போய்விட்டது. வேலைக்கு மட்டம் போட்டால் லயத்து வீடும் போய்விடும். என்னதான் செய்வாள் ஒருத்தி?

மலாக்கா டவுனில் டிவி பழுது பார்க்கும் தம்பி ஹரிதாஸ்தான் வழி சொன்னான். அன்னம்மாவின் கார்ட்லெஸ் போன் வேலியைத் தாண்டினாலே கரகரக்கும். அவன் அவள் வீட்டு லைனிலிருந்தே வேலியோரமாகக் கம்பி இழுத்து, பால் நிறுக்கும் கொட்டகையில் இரண்டாவது கார்ட்லெஸ் செட் ஒன்றை வைத்தான். அதன் கம்பியில்லாப் போனை அக்காவின் இடுப்பில் கட்டிவிட்டான்.

"இனிமே உன் மர நிரை பூரா கேக்கும்க்கா. அந்த மேட்ட மட்டும் தாண்டிடாத லா."

அவளா தாண்டினாள்? மூன்றாம் நாளே, ஆள் பத்தவில்லை என்று வேலை வாங்கும் மண்டோர் காளிதாஸ் அவளை மேட்டுக்கு அந்தப் பக்கம் பால்மரம் சீவ அனுப்பினான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மனுஷனா அவன்? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு இடுப்பில் போன் அலறியது. உளியைப் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு மலாய்க்காரப் பெண்ணின் குரல். கட்டில் இருக்கிறதாம், தாய் பேச வேண்டுமாம்.

"நாந்தான்! நாந்தான் பேசறேன்!" மலாயிலும் தமிழிலும் கத்தினாள்.

"ஹலோ? ஹலோ?" என்றாள் அந்தப் பெண்.

ஐயோ! அங்கே பேசுவது இங்கே கேட்கிறது, இவள் பேசுவது அங்கே போகவில்லை. மேட்டை நோக்கி ஓடினாள். வேர் தடுக்கி விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். "வைக்கிறேன்" என்றது குரல். விஜயராணிக்கு உயிரே போய்விட்டது.

அப்போது இன்னொரு குரல் நடுவில் வந்தது. லயத்து வீட்டில் அன்னம்மா அதே லைனில் தன் போனை எடுத்திருந்தாள்.

"வைக்காதீங்க! நான்தான் பிள்ளையோட தாய்!" என்றாள், உடைந்த மலாயில்.

பிள்ளையின் பிறந்த தேதி கேட்டார்கள். விஜயராணி மரங்களைப் பார்த்துத் தேதியை அலறினாள். அன்னம்மா அதே தேதியைத் தடுமாறாமல் சொன்னாள். ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள்.

"சம்மதம்" என்றாள் அன்னம்மா.

நாளைக் காலை எட்டு மணிக்கு, தாயின் ஐசி அடையாள அட்டையோடு வரவேண்டும். வைத்துவிட்டார்கள்.

முழங்கால் ரத்தத்தோடு விஜயராணி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அன்னம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"கோவிச்சுக்காத புள்ள. வாயில வந்திருச்சு. நீ இருக்கையில நான் போயி தாய்னு சொல்லிட்டேன்..."

விஜயராணி அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நானுந்தான்க்கா தொண்ட கிழிய சொன்னேன். அவங்களுக்கு உங்க குரல்தானே கேட்டிச்சு."